மைனரின் மூக்கும் மின்விசிறியும்

என் மதிப்பிற்கும் அன்பிற்கும் கொஞ்சம் பயத்திற்கும் உரிய மனைவிக்கு, உன் வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், நம் பிள்ளை மைனர், சமையலறைக் குழாய் மூவரும் சௌக்கியம். குழாய் மட்டும் நீ போன நாளிலிருந்து ஒழுகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும், முதியோர் இல்லத்தில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு தினமும் சண்டை போடுவாரே ஒரு தாத்தா, அவர் இப்போதாவது சமாதானத்துக்கு வந்தாரா? குளிர்கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொண்டாயா? நேரத்துக்குச் சாப்பிடு. நான் சாப்பிடுகிறேன். மைனர் சாப்பிடுவதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன், அது தனிக் கதை.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீ கடைசியாக ஒன்று கேட்டாய். "ஏங்க, அவனுக்கு எம்மேல கோவமா? விட்டுட்டு வந்துட்டேன்னு நெனைக்கிறானா? இல்லன்னா ஏன் மூஞ்சியக் காட்டவே மாட்டேங்கிறான்?" என்றாய். அதற்கு நான், "இங்க சிக்னல் சரியில்ல" என்றேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீ "சரி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு டியூட்டி கிடையாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அன்றைக்குத் தட்டில் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது.

அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் கூடத்தில் தும்மினால் உள்ளறையில் போர்வை ஆடும். நான் உன்னிடம் ரகசியம் பேசுவதென்றால் தெருமுனைக்குப் போக வேண்டும், அங்கே சிக்னல் நிஜமாகவே சரியில்லை. எழுதி அனுப்பலாம் என்றால், என் போனுக்கு வருவதையும் போவதையும் எனக்கு முன்னால் மைனர் படித்துவிடுகிறான். நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா விடுமுறை முடிந்து உன் ஊருக்கே திரும்புகிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் பட்டறையில், ஒரு வெள்ளைக் காரின் பானட் மேல் தாளை விரித்து எழுதுகிறேன். பக்கத்துக் காரில் பிரைமர் காயும்வரை எனக்கு வேலை இல்லை. நடுநடுவே எழுத்து கோணினால், டிங்கர் அண்ணன் கதவுத் தகரத்தைத் தட்டுகிறார் என்று எடுத்துக்கொள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு உன் மேல் கோபம் இல்லை. அவனுக்கு மூக்கில் பரு.

சிரிக்காதே. நானும் முதலில் சிரித்தேன், அதற்கு நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு காலை, குளியலறையிலிருந்து ஒரு சத்தம். பாம்பைக் கண்டுவிட்டான் என்று துடைப்பத்தோடு ஓடினேன். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "அப்பா, முடிஞ்சிருச்சுப்பா" என்றான். என்னடா முடிந்தது என்றால் மூக்கு நுனியைக் காட்டுகிறான். ஒரு கடுகு. அவ்வளவுதான். "ரெண்டு நாள்ல போயிரும்டா" என்றேன். "உங்களுக்கு என்னப்பா, உங்க வாழ்க்கை ஓடிருச்சு" என்றான். அன்று ஆரம்பித்தது. கடுகு போய்விட்டது, ஆனால் கண்ணாடி போகவில்லை. அந்தக் கண்ணாடியில் அவன் புதிது புதிதாகக் குறை கண்டுபிடித்தான். கன்னம் உருண்டையாக இருக்கிறதாம், உருண்டை முகம் இந்தக் காலத்தில் செல்லாதாம், தாடை கத்தி மாதிரி இருக்க வேண்டுமாம். அதற்காக நாள் முழுக்க ரப்பர் மாதிரி ஒரு மிட்டாயை மெல்கிறான். பாடம் படிக்கும்போதும் மெல்கிறான், நான் திட்டும்போதும் மெல்கிறான், திட்டுகிறவனுக்கு அது எவ்வளவு அவமானம் தெரியுமா? படுக்கும்போது கன்னம் அமுங்கிவிடக் கூடாது என்று மல்லாந்து படுத்து, தலைக்கு இரண்டு பக்கமும் புத்தகத்தை அடுக்கிக்கொள்கிறான். இந்த வருஷம் அந்தப் புத்தகங்களுக்கு அவன் கொடுத்த வேலை அது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் சப்பாத்தி பிசையும் பேசினில் ஐஸ் கட்டியைக் கொட்டி முகத்தை முக்குகிறான். தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. அதில் ஒரு நாள் நான் வழுக்கி வாஷ்பேசின் மேல் விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ கவலைப்பட வேண்டாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான், அதைத்தான் தாங்க முடியவில்லை. உனக்குத் தெரியுமே, சின்ன வயதில் நான் ஒரு தும்மல் போட்டால் போதும், கீழே விழுந்து புரளுவான். இப்போது டிங்கர் அண்ணன் சொன்ன நல்ல நல்ல கதைகளை எல்லாம் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டுகிறேன். சுவரைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்கிறான். "ஏன்டா, சிரிப்பு வரலையா?" என்றேன். "வருதுப்பா. சிரிச்சா கன்னம் உப்பும்" என்றான். வருகிற சிரிப்பை அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் மேற்கொண்டு என்ன பேசுவது?

இன்னொன்று. அவனுக்கு இடது பக்கம்தான் நல்ல பக்கமாம். அதனால் சாப்பிட உட்கார்ந்தால் இடது கன்னம் என் பக்கம் வரும்படி பார்த்து உட்காருகிறான். நான் இடம் மாறினால் அவனும் தட்டோடு மாறுகிறான். ஒரு நாள் சாப்பாட்டுக்குள் இரண்டு பேரும் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டோம். எத்தனையோ மாதமாக நான் அவனுடைய வலது கன்னத்தைப் பார்க்கவில்லை. காசில் அச்சடித்த ராஜாவோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று வைத்துக்கொள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். என் போன் கேமராவில் பெயிண்ட் தெறித்துக் கிடப்பதால் அவன் போனில்தான் உன்னோடு பேசுகிறோம். நீ கூப்பிட்டதும் அவன் போனை மேசையில் மல்லாத்திப் போட்டுவிடுவான். உனக்குத் தெரிவது நம் கூடத்து மின்விசிறி. நீ "கண்ணா, சாப்பிட்டியா?" என்கிறாய். மின்விசிறி சுற்றுகிறது. "எளச்சிட்டியாடா?" என்கிறாய். அதற்கும் சுற்றுகிறது. ஓரத்திலிருந்து ஒரு குரல் மட்டும், "ம்... சாப்பிட்டேன்மா" என்று வரும். அப்புறம் நான் வாங்கிப் பேசுவேன், பட்டறையிலிருந்து நேராக வந்த கோலத்தில், தொப்பியும் மூக்குமூடியுமாக. நீ அந்தப் பக்கம் மின்விசிறியைப் பார்த்துப் பேசும்போது உன் கண் தேடுகிறதே, அதை நான் இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்வது தப்பு. செய்தேன். செய்த ஒவ்வொன்றும் விபரீதமாய் முடிந்தது.

நான் பெயிண்டர். வெளிச்சம் சரியில்லை என்றால் எந்த வண்டியும் எடுபடாது என்பது என் தொழில் பாடம். கூடத்தில் நல்ல வெள்ளை வெளிச்சம் இருந்தால் பையனுக்குத் தைரியம் வரும் என்று எண்ணி, பட்டறையில் நாங்கள் பூச்சு பார்க்கப் போடும் பெரிய விளக்கைக் கொண்டுவந்து மாட்டினேன். அந்த விளக்கு எதற்கு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பூச்சில் இருக்கும் ஊசிமுனை ஓட்டையையும் காட்டிக்கொடுப்பதற்குத்தான் அது. மைனர் அதன் அடியில் கண்ணாடியோடு நின்றான். அதுவரை அவனுக்குத் தெரியாத பருவெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிட்டன. அன்று அவன் வீட்டிலிருந்த எல்லா பல்பையும் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ மங்கலான மஞ்சள் பல்பு வாங்கி வந்து மாட்டினான். அன்றிலிருந்து நாங்கள் மாலைப் பொழுதெல்லாம் அரையிருட்டில்தான் வாழ்கிறோம். இரண்டு முறை தேநீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டேன்.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், நர்ஸ் அக்கா வாயிலிருந்து நீ கேட்பதைவிட நான் சொல்வது மேல். பருவை மறைக்க ஒரு கிரீம் இருக்கிறது என்றும், முகத்தின் நிறத்துக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் டிங்கர் அண்ணன் சொன்னார். நிறம் பொருத்துவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எந்தக் கம்பெனிச் சிவப்பானாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பட்டறையிலிருந்து நிற அட்டைக் கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விழித்திருக்கும்போது மைனர் பக்கத்தில் விடமாட்டான் என்பதால், ஒரு மதியம் அவன் தூங்கும்போது ஓசைப்படாமல் போய், ஒவ்வொரு அட்டையாக அவன் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று அப்படியே பொருந்தியது. கன்னம் எது, அட்டை எது என்று தெரியவில்லை. என் தொழில்மேல் எனக்கே பெருமையாக இருந்தது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அழகுசாதனக் கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு சின்னப் பெண். "யாருக்கு சார்?" என்றாள். "பையனுக்கு" என்றேன். "ஸ்கின் என்ன டைப் சார்?" என்றாள். எனக்குச் சட்டென்று, "சாதாதாம்மா, மெட்டாலிக் இல்ல" என்று வந்துவிட்டது. பழக்க தோஷம். அவள் என்னையே பார்த்தாள். நான் அட்டையை நீட்டி, "இந்த நெறத்துல குடுங்க" என்றேன். அவள் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். அது ஏதோ ஒரு சரக்கு வேனின் நிறம். உள்ளே போய் இன்னும் இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். மூன்று பேரும் அட்டையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார்கள். தேடும்போது தோள் குலுங்கியது. ஆனால் நல்ல பெண்கள், அந்த நிறத்தில் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மைனர் அதைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். மூக்கு சுத்தம், நெற்றி சுத்தம், ஒரு புள்ளி இல்லை. "நல்லாருக்காப்பா?" என்றான். மாதக்கணக்கில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வலது கன்னத்தைக்கூட ஓரமாய்க் காட்டினான். "ஷோரூம்லேர்ந்து எறக்குன மாதிரி இருக்கடா" என்றேன். கன்னம் உப்பாத அளவுக்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். நான் அன்றைக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் பள்ளியில் வகுப்புப் புகைப்படம். அதற்காகப் பூசிக்கொண்டு போனான். அவன் தெருவில் இறங்கி வெயிலில் நாலு எட்டு வைத்ததும் எனக்குப் பொறி தட்டியது. நிறத்தை எப்போதும் பகல் வெளிச்சத்தில்தான் பொருத்த வேண்டும். பட்டறைக்கு வரும் பொடியனுக்குக்கூட முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுப்போம். நான் பொருத்தியது அவன் தன் அறை ஜன்னலை அடைத்துவிட்டு மாட்டிய மஞ்சள் பல்பின் கீழே. வெயிலில் அவன் மூக்கு ஒரு நிறம், முகம் ஒரு நிறம். "டேய், நில்லுடா" என்று பின்னால் ஓடினேன். அப்பா வழியனுப்ப ஓடி வருகிறார் என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது போல, இன்னும் வேகமாக நடந்து பஸ் ஏறிவிட்டான்.

வகுப்புப் புகைப்படம் வந்திருக்கிறது. நர்ஸ் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரிசையில் உயரமான ஒருவன் நிற்கிறான் பார், அவனுக்குப் பின்னால் தெரியும் காது நம் பிள்ளையுடையது. இடது காதுதான்.

அதற்குப் பிறகு அவன் என்னோடு வாயால் பேசுவதில்லை. உள்ளறையிலிருந்து என் போனுக்குச் செய்தி வரும். "சோறு." நான் கூடத்திலிருந்து "ரெடி" என்று அனுப்புவேன். கதவு திறக்கும், ஒரு தட்டு எழுந்து உள்ளே போகும், கதவு சாத்திக்கொள்ளும். அரையிருட்டில் நான் ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுவேன். குழாய் சொட்டுவது கேட்கும். அதைச் சரி செய்ய வாஷர் வாங்கி வைத்து மாதக்கணக்காகிறது. அதுவும் நின்றுவிட்டால் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது என்று விட்டுவைத்திருக்கிறேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்குத் தனியாக இருக்கிறது. நீ இல்லாதது ஒரு தனிமை, அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன், உன்னை வழியனுப்பும்போதே மனதைக் கட்டிக்கொண்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருந்தும் இந்தப் பக்கம் ஒருவன் தனியாக உட்கார்ந்திருப்பதற்கு நான் தயாராக இல்லை. பட்டறையில் வேலை முடிந்த பின்னும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். டிங்கர் அண்ணன், "வீட்டுக்குப் போகலையா?" என்கிறார். "பூச்சு காயட்டும்" என்கிறேன். அது எப்போதோ காய்ந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் நீ போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டாய். நீ வைத்ததும் நான் அவன் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. கதவோடு வாயை வைத்து, "டேய், உனக்கு அம்மா மேல கோவமான்னு அம்மா கேக்குறாடா" என்றேன். கதவு உடனே திறந்தது.

"கோவமா? எனக்கா?" என்றான். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா அப்படியா நெனச்சாங்க?"

"பின்ன என்னடா நெனைப்பா? அவ மின்விசிறியப் பெத்தாளா, உன்னப் பெத்தாளா?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். போனை எடுத்து என்னிடம் நீட்டினான். அவன் போன் முழுக்க அவன் மூஞ்சிதான் இருக்கும், ஒரு பருவுக்கு ஒரு படம் வீதம் எடுத்து வைத்திருப்பான் என்று நான் நினைத்திருந்தேன். எல்லாம் நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ பேசும்போது ஓரமாய் உட்கார்ந்து படம் பிடித்து வைத்திருக்கிறான். நீ சிரிப்பது, நீ தலையை ஒதுக்குவது, நீ மின்விசிறியிடம் இளைத்துவிட்டாயா என்று கேட்பது. போனை மல்லாத்தி வைத்தது உன் கண்ணில் படாமல் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான்.

"அம்மா மட்டும் மூஞ்சியக் காட்டுறாங்களாப்பா?" என்றான். எனக்குப் புரியவில்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கினான். நீ காபி குடிக்கக் கோப்பையை எடுக்கிறாய். கோப்பை உன் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அதன் விளிம்பு வளைந்துவிட்டது. உன் பின்னால் இருக்கும் ஜன்னல் கம்பியும் உன் தாடையோரம் வந்ததும் வளைந்திருக்கிறது. "ஃபில்டர்ப்பா" என்றான். "மூஞ்சிய ஒல்லியாக்கும், கண்ணுக்குக் கீழ இருக்கிற கறுப்ப அழிச்சிரும். அம்மா எப்பவும் போட்டுட்டுத்தான் பேசுறாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். ஒரு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் எந்தக் கதவு மாற்றினது, எங்கே பட்டி பூசினது என்று சொல்லிவிடுகிறவன் நான். நீ இத்தனை நாள் பூசி மெழுகிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குத் தெரியவில்லை. உனக்குக் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா? எவ்வளவு? ராத்திரி டியூட்டியாலா, சாப்பிடாமலா, இல்லை, எங்களை நினைத்தா? சாப்பிட்டாயா என்று வாரா வாரம் கேட்டேன், சாப்பிட்டேன் என்றாய், நானும் உன் பளபளப்பைப் பார்த்துவிட்டு நம்பினேன்.

"சரிடா, அம்மா பண்றது அவ பாடு. நீ ஏன் காட்ட மாட்டேங்கிற?" என்றேன்.

வெகு நேரம் மென்றான். அப்புறம் மிட்டாயைத் துப்பிவிட்டுச் சொன்னான். "அம்மா போகும்போது நான் குட்டியா இருந்தேன்ல. அப்ப எல்லாரும் அழகான பையன்னு சொல்லுவாங்க. அம்மா போன்ல இன்னும் அந்தப் போட்டோவத்தான் வெச்சிருக்காங்க. அடுத்த வருஷம் வந்து ஏர்போர்ட்ல எறங்கினதும் அந்தப் பையனத்தான் தேடுவாங்க. அவன் இல்லப்பா. இதுதான் இருக்கு." இது என்று தன் மூஞ்சியைக் காட்டினான். "கொஞ்சம் சரியானதும் காட்டலாம்னு பார்த்தேன். சரியாகவே மாட்டேங்குது."

ஜன்னலை அடைத்திருந்த அட்டையைப் பிய்த்தேன். அவன் தடுக்கவில்லை. வெயில் அடித்தது. அவனுடைய வலது கன்னத்தை அப்போதுதான் பார்த்தேன். நாலைந்து பரு, அதிலும் பாதி ஆறுகிறவை. மேலுதட்டில் நிழல் மாதிரி ஒரு மீசை. தாடை உன் அண்ணனுடையது, அப்படியே உரித்து வைத்திருக்கிறது. அவன் மெல்லவே தேவையில்லை, அது தானாக வந்துவிட்டது, யாரும் பார்த்துச் சொல்லவில்லை. உன் பிள்ளை நன்றாக இருக்கிறான். குழந்தை முகம் போய்விட்டது, அது உண்மை. போகும்போது நீ பக்கத்தில் இல்லை, நான் பக்கத்தில் இருந்தும் பாதியைத்தான் பார்த்தேன்.

அன்றைக்குப் பேசி முடித்தோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் முழு முகத்தையும் காட்டுவான், இரண்டு கன்னமும், பகல் வெளிச்சத்தில், வாசல் பக்கம் உட்கார்ந்து. அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான், நீ ஃபில்டரை எடுத்துவிட வேண்டும். ஆகவே உன் கணவன் என்ற முறையில் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். அதைக் கழற்றி எறி. கண் கறுத்திருந்தால் கறுத்தபடி உட்கார். நாங்கள் உன்னை விற்கவா போகிறோம்? விற்கிற வண்டிக்குத்தான் பளபளப்பு, ஓடுகிற வண்டியில் கீறல் இருக்கத்தான் செய்யும். இதை நான் பையனிடமும் சொன்னேன். நம் வீட்டு ஆட்கள் ஒருவருக்கொருவர் முகத்தை மறைத்துக்கொண்டு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? நல்ல வேளை, இந்த வீட்டில் ஒளிவுமறைவு இல்லாதவன் நான் ஒருவனாவது இருக்கிறேன். என்னைப் பார்த்தாவது தாயும் பிள்ளையும் திருந்துங்கள்.

பிரைமர் காய்ந்துவிட்டது, டிங்கர் அண்ணன் கூப்பிடுகிறார். உன் தலைவலிக்குத் தைலமும், மைனர் தன் கையால் எழுதிய ஒரு சீட்டும் பொட்டலத்தில் இருக்கின்றன. சீட்டை நான் பிரித்துப் பார்க்கவில்லை, ஒட்டியிருக்கிறான். உடம்பைப் பார்த்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்ளும்,

உன் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போனேன், கை வரவில்லை. மைனர் போட்ட நிபந்தனை இரண்டு. நான் ஒன்றைத்தான் எழுதினேன். இன்னொன்று, "நீங்களும் மாஸ்க்கக் கழட்டணும்ப்பா." நம் பட்டறை ஞாயிற்றுக்கிழமை திறப்பதே இல்லை, உனக்குத் தெரியாததா, நீயும் கேட்காமல் விட்டுவிட்டாய். ஐஸ் தண்ணீரில் வழுக்கி வாஷ்பேசின் மேல் விழுந்தேன் என்றேனே, அதில் மேல்வரிசை முன்பல் இரண்டு போய்விட்டன. தொப்பிக்கு உள்ளேயும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் மிச்சமில்லை. நீ போகும்போது பார்த்த ஆளைத்தான் வந்து தேடுவாய் என்று எனக்கும் ஒரு பயம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் பையனுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள். அந்த ஃபில்டரை எப்படிப் போடுவது, அதில் பல் வருமா என்று எனக்குத் தனியாக எழுது, நர்ஸ் அக்காவின் பக்கத்து வீட்டு முகவரிக்கு எழுது. அதுவரை, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பையன் முகம் போய் மறுபடி மின்விசிறி தெரிந்தால் கவலைப்படாதே. போன் என் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.